நமக்கெதுக்குப்பா வம்பு?

முசரவாக்கத்துக்காரனுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒன்றும் கிடையாது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஏரிதான். ஆனால் நீராவி? அது எங்க ஏரியா ஸார்! மந்தாரை இலை போட்ட குடலையில் வேகிற காஞ்சிபுரம் இட்லி, நீராவியின் கைங்கர்யம்தானே?

அதே நீராவியில் ஓடிய ஒரு குட்டிப் போர்க்கப்பல் நாலு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. பெயர் 'பெங்கால்'.

திங்கட்கிழமை ஆபீஸில் ஒரு கூத்து. தப்பு மேலிடத்தில், திட்டு வாங்கியது புதிதாகச் சேர்ந்த பையன். நடந்தது தெரிந்த ஒரே ஆள் அடியேன். என்ன செய்தேன்? ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டேன். "நமக்கெதுக்குப்பா வம்பு" என்றார் பக்கத்து சீட்டுக்காரர். அன்று ராத்திரிதான் பெங்காலைப் பற்றிப் படித்துத் தொலைத்தேன்.

சிட்னியில் கட்டி, 1942 ஆகஸ்டில் ராயல் இந்தியன் நேவியில் சேர்ந்த கப்பல் அது. 'மெட்ராஸ்' என்று அதற்கு ஒரு அக்கா கப்பல்கூட அதே துறையில் பிறந்திருக்கிறது. நீளம் 186 அடி. ஏகாம்பரநாதர் கோவில் ராஜகோபுரத்தைப் படுக்கவைத்தால் ஏறக்குறைய அவ்வளவு வரும். (சாமி மன்னிக்கணும்!) கடலில் கண்ணிவெடிகளை வாருவதுதான் அதன் முக்கிய உத்தியோகம்.

எஞ்சின் நம்ம வீட்டு காபி ஃபில்டர் மாதிரி. ஒரே பொடியில் முதல் டிகாக்‌ஷன், இரண்டாவது, மூன்றாவது என்று இறக்குவோமே, அப்படி ஒரே நீராவியை ஒன்றைவிட ஒன்று பெரிய சிலிண்டர்களில் அடுத்தடுத்து மூன்று கட்டமாக வேலை வாங்குவார்கள். இவ்வளவு கஞ்சத்தனம் பண்ணியும் வேகம் 15 நாட். மணிக்கு 28 கிலோமீட்டர். டவுன் பஸ் ஓவர்டேக் பண்ணிவிடும்.

1942 நவம்பர் 11. ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டிலிலிருந்து 'ஓண்டினா' என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாகக் கிளம்பிய பெங்கால், கொக்கோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே போய்க்கொண்டிருந்தது. எதிரே இரண்டு ஜப்பானியக் கப்பல்கள்! 'ஹோகோகு மாரு', 'ஐகோகு மாரு'. ஒவ்வொன்றும் பத்தாயிரம் டன்னுக்கு மேல். வேகம் 21 நாட். அவற்றின் 14 சென்டிமீட்டர் பீரங்கி வீசும் குண்டு 38 கிலோ. நம்மாளின் பெரிய பீரங்கி வீசும் குண்டோ சுமார் ஐந்தரைக் கிலோ!

ஓடினால் பிடித்துவிடுவான். நின்றால் நசுக்கிவிடுவான். கப்பல் தலைவர் வில்லியம் வில்சன் என்ன செய்தார் தெரியுமா? "நீ தப்பித்துப் போ" என்று ஓண்டினாவுக்குச் சொல்லிவிட்டு, பெங்காலை நேராக ஹோகோகு மாருவை நோக்கித் திருப்பினார். அது தப்பிக்க நேரம் கிடைக்கட்டும் என்று!

ஓண்டினாவும் லேசுப்பட்டதல்ல. சொன்னபடி ஓடாமல், தன்னிடமிருந்த ஒற்றை 4 அங்குல பீரங்கியால் சுட ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் ஹோகோகு மாரு தீப்பிடித்து வெடித்து மூழ்கியது. யார் போட்ட குண்டு? அந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

குண்டு தீர்ந்துபோகிற நிலையில், அடிபட்ட பெங்கால் புகைத்திரை போட்டுத் தப்பியது. ஓண்டினாவின் கேப்டன் ஹோர்ஸ்மன் இறந்தார். படகில் இறங்கிய மாலுமிகளையும் ஜப்பானியர் சுட்டார்கள். மிஞ்சியவர்கள் மறுபடி கப்பலில் ஏறி, தீயை அணைத்து, ஃப்ரீமாண்டிலுக்கே ஓட்டிப் போனார்கள். பெங்கால் டியாகோ கார்சியா போய்ச் சேர்ந்தது. 'அது போச்சு' என்று இரண்டுமே நினைத்திருந்ததாம்!

அப்புறம் பெங்கால் பேசாமல் தன் டியூட்டியைப் பார்த்தது. சுதந்திர இந்தியாவின் கப்பற்படையிலும் தொடர்ந்தது. 1960-ல் உடைத்துவிட்டார்கள். பதினெட்டு வருஷ சர்வீஸ். பென்ஷன் கிடையாது.

இன்று காலை மானேஜர் அறைக்குப் போனேன். கால் இரண்டும் தானாகத் தறி மிதித்தன.

"ஸார்... அந்தக் கணக்கு விஷயத்தில பையன் மேல தப்பில்ல. எனக்குத் தெரியும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். நான் அசடு வழிந்து, அதையே புகைத்திரையாகப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மானேஜர் மூழ்கவில்லை. நானும் மூழ்கவில்லை. மத்தியானம் அந்தப் பையன் ஒரு டீ கொண்டுவந்து என் மேஜையில் வைத்தான். ஒன்றும் பேசவில்லை. ஆவி பறந்துகொண்டிருந்தது.