இடாப்பில் இல்லாத பிள்ளைகள்

திருகோணமலை ஓர்ஸ் ஹில்லிலே காலைப்பொழுதில் பிள்ளைகள் விவேகானந்தா கல்லூரிக்குச் செல்லும் காட்சி எவருக்கும் புதிதன்று. கொட்டியாரக்குடாவின் தென்பக்கத்திலுள்ள சம்பூரிலோ அத்தகைய காட்சி பத்தாண்டு காலம் இல்லாதொழிந்தது. 2006ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் எறிகணை வீச்சுக்கு அஞ்சி அவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முதலிய இடங்களிலே முகாம் வாழ்க்கை நடத்தினர். சம்பூர் மகா வித்தியாலயம் கடற்படை முகாமின் எல்லைக்குள் அகப்பட்டது. 2016ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலேதான் 177 ஏக்கர் காணியுடன் அது மக்களிடம் மீண்டது.

பாடசாலைக்குப் பத்தாண்டு என்பது என்ன? 2006இல் தரம் 1இல் இருந்த குழந்தை 2016இல் தரம் 11இல் அமர்ந்து, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகின்றது. அதாவது, ஒரு தலைமுறை மாணவர் தம் ஊர்ப் பாடசாலையின் வாயிலை மிதியாமலே படித்து முடிக்கும் காலம் அது.

மாணவர் தொகையைக் கணக்கிடுவோர் பெரும்பாலும் சேர்விடாப்பையே நோக்குவர். மூடிய பாடசாலையின் இடாப்பிலே புதிய பெயர் ஏறாது. ஆயினும் பிள்ளைகள் மறைந்துவிடவில்லை. சில வேளை இடம்பெயர்ந்த பாடசாலை கொட்டகையொன்றிலே தன் பெயருடன் இயங்கும். சில வேளை பிள்ளைகள் விடுகைப் பத்திரத்துடன், அதுவும் அற்றோர் வெறுங்கையுடன், அயற்பாடசாலைகளிற் சேர்வர். அங்கே வகுப்பறை நெரியும். இங்கே இடாப்பு வெறுமையாகும். இவ்விரு இடாப்புகளையும் ஒருங்கே வைத்துப் பாராதவர், “பிள்ளைகள் இல்லை, பாடசாலை எதற்கு?” என்று கேட்டுவிடுவர். அக்கேள்வி கணக்கில் பிழையற்றது போலத் தோன்றும். உண்மையிற் பெரும் பிழை.

மீளத் திறந்த பின்னரும் தொகை உடனே உயர்வதில்லை. கிணறும் கூரையும் இல்லாத காணிக்குக் குடும்பம் முழுவதும் ஒரே நாளில் திரும்பாது. பரீட்சையை எதிர்நோக்கும் மூத்த பிள்ளையை இடைநடுவில் மாற்றப் பெற்றோர் தயங்குவர். இளைய பிள்ளையையே முதலில் ஊர்ப் பாடசாலையிற் சேர்ப்பர். ஆகவே கீழ்வகுப்புகள் நிறைந்தும் மேல்வகுப்புகள் மெலிந்தும் இருக்கும். அந்த மெலிவைக் கண்டு ஆசிரியரைக் குறைத்தால், இருக்கும் மூத்த மாணவரும் வேறிடம் தேடுவர்.

2017 ஜனவரியில் தரம் 1இற் சேர்ந்த பிள்ளை தரம் 11ஐ எட்டும் ஆண்டு 2027 ஆகும்.