ஃப்ளூ: காய்ச்சல் அல்ல, புகையின் வழி

'ஃப்ளூ' என்றதும் உங்களுக்குக் காய்ச்சல்தானே நினைவுக்கு வருகிறது? அது இன்ஃப்ளூயன்ஸா என்பதன் சுருக்கம். அதே ஒலியில், ஆங்கிலத்தில் கடைசியில் ஓர் 'இ' சேர்த்து எழுதும் இன்னொரு சொல் உண்டு. புகைபோக்கிக்குள் புகை செல்லும் குழிவான பாதைக்கு அதுதான் பெயர். கல்லும் செங்கல்லும் சேர்ந்த கட்டுமானம் புகைபோக்கி. உள்ளே இருக்கும் வெற்றிடம் ஃப்ளூ. ஒரே புகைபோக்கிக்குள் மூன்று, நான்கு அடுப்புகளின் பாதைகள் தனித்தனியே ஏறிப்போவதும் உண்டு.

புகை மேலேதான் போகவேண்டும் என்பதில்லை. செமினி வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த பெரியவர்களிடம் ரப்பர் புகைக்கூடத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அந்த வாசனையை மறந்தவர்கள் குறைவு! ஃபார்மிக் அமிலத்தால் உறையவைத்து, உருளையில் தேய்த்த ரப்பர் ஷீட்டுகளை உள்ளே தொங்கவிடுவார்கள். பல புகைக்கூடங்களில் அடுப்பு வெளியே இருக்கும். ரப்பர் விறகின் புகை தரைக்கடியில் உள்ள ஃப்ளூ வழியாக உள்ளே நுழைந்து, ஷீட்டுகளைத் தடவி, கூரைத் திறப்பில் வெளியேறும். சூடு 60 பாகை செல்சியசுக்கு வெகுவாக மேலே போனால் ஷீட்டில் கொப்புளம் விழும். குறைந்தாலோ ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். தரமும் விலையும் இறங்கும். புகையிலுள்ள ஃபீனால் வகைப் பொருள்கள் பூஞ்சணத்தைத் தடுக்கும்.

புகையை இழுப்பது எது? விசிறி வேண்டாம். 30 பாகையில் ஒரு கனமீட்டர் காற்று ஏறக்குறைய 1.16 கிலோ, 60 பாகையில் 1.06 கிலோ. பத்து மீட்டர் உயரக் குழலில் இந்த வேறுபாடு தரும் அழுத்தம் ஒரு மில்லிமீட்டர் நீரின் எடைதான். அவ்வளவு சிறிய விசை என்பதால்தான் ஒரு பறவைக் கூடோ கரிப் படிவோ போதும், ஓட்டம் நின்றுவிடும்.

நின்றால் ஆபத்து. காற்றோட்டம் இல்லாத நெருப்பு கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், பிறகு மரணம். மழை பெய்கிறதென்று கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்து கோழி சுடுகிறீர்களா? உங்கள் வீட்டில் ஃப்ளூ கிடையாது. வாசலுக்கே கொண்டுபோங்கள்.

கிள்ளானுக்கு அருகே காப்பார் மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து வெளிவரும் வாயுவையும் பொறியாளர்கள் 'ஃப்ளூ கேஸ்' என்றே சொல்வார்கள்.