மகோகனி: முதல் பன்னிரண்டு அடியில்தான் பணம்

சவுக்கு அயல்நாட்டு மரம் என்றால் செங்கற்பட்டு கடலோர விவசாயிக்குச் சிரிப்பு வரும். அந்த அளவுக்கு அது இந்த மண்ணோடு ஒட்டிவிட்டது. ஆனால் சவுக்கு கம்புக்கும் விறகுக்கும் ஆன மரம். கதவு, கட்டில், அலமாரி செய்யும் தச்சு மரம் வேண்டுமென்போர் தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரி பகுதிகளில் இப்போது மகோகனியை நாடுகின்றனர். 2021-22இல் தொடங்கிய பசுமைப் போர்வை இயக்கத்தில் அரசு மகோகனிக் கன்றுகளையும் வழங்கியது ஒரு காரணம். ‘பத்தே வருடத்தில் லட்சங்கள்’ என்று கன்று விற்போர் சிலர் போடும் கணக்கு மற்றொரு காரணம். அந்தக் கணக்கை நம்பி இருக்கும் நிலம் முழுவதையும் மரக்காடாக்குவது சரியல்ல.

நீலகிரித் தேயிலைத் தோட்டங்களின் குளிரில் ஓங்கி நிற்கும் சில்வர் ஓக்கை இங்கு கொண்டுவந்தால் அதே வளர்ச்சி கிடைக்காது. மகோகனி அப்படியல்ல. நடு அமெரிக்கா, தென் அமெரிக்காவின் வெப்பக் காடுகளே அதன் தாயகம். நமது வெயிலைத் தாங்கும். இந்தியாவில் 1795ஆம் ஆண்டிலேயே கல்கத்தா தாவரவியல் பூங்காவில் நடப்பட்டது. நன்கு உலர்த்திய பலகை அதிகம் வளையாது, இழைப்புளிக்கும் இணங்கும். ஆனால் நல்ல வைரம் பாய இருபது ஆண்டுகளுக்கு மேலாகும். பத்து வருட மரத்தில் வெளிர்மரமே மிகுதி.

மரத்தை எப்படி அளக்கிறார்கள் என்று தெரிந்தால் பராமரிப்பு தானே விளங்கும். நடுச்சுற்றளவு 4 அடி என்றால், அதில் கால் பங்கு 1 அடி. ஒன்றை ஒன்றால் பெருக்கி நீளத்தால் பெருக்கினால் கன அடி. நேரான அடிமரம் 12 அடி இருந்தால் 12 கன அடி. அதே பருமனுள்ள மரம் 4 அடியிலேயே கவை விட்டிருந்தால் 4 கன அடிதான். கிளைகளுக்கு விறகு விலை.

கவை விடச் செய்வது குருத்துத் துளைப்பான் புழு. முதல் மூன்று, நான்கு ஆண்டுகளில் இதன் தொல்லை அதிகம். நுனிக்குருத்து வாடித் தொங்கும். துளையில் எச்சமும் பிசினும் தெரியும். புழு தண்டுக்குள் இருப்பதால் மேலே தெளிக்கும் மருந்து எளிதில் எட்டுவதில்லை. பாதித்த பகுதிக்குச் சற்றுக் கீழே வெட்டி எரித்துவிடவேண்டும். பிறகு வரும் பல துளிர்களில் வலுவான ஒன்றை மட்டும் விட்டு, குச்சி நட்டுக் கட்டவேண்டும். வாரம் ஒருமுறை நடந்து பார்க்க முடியாதவர் மகோகனி வைக்காமலிருப்பதே மேல். ஓரங்களில் அகத்தி வளர்த்துப் பக்கநிழல் கொடுத்தால் தாக்குதல் குறையும்.

அடுத்தது புயல். 2016 டிசம்பர் 12இல் வீசிய வர்தா புயலில் வண்டலூர் உயிரியல் பூங்காவில் மட்டும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. பையிலேயே நெடுநாள் கிடந்து வேர் சுருண்ட கன்று, நட்டபின்னும் அப்படியே சுருண்டு பருக்கும். பெருங்காற்றில் அதுதான் முதலில் விழும். எனவே உயரமான கன்றைவிட, பையைத் தாண்டி வேர் போகாத இளங்கன்றே நல்லது. பையைக் கிழித்து, சுருண்ட வேரை நறுக்கி, இரண்டடிக் குழியில் நடவேண்டும். பல்லாவரம், வண்டலூர்க் குன்றுகளை ஒட்டிய நிலங்களில் சிறிது ஆழத்திலேயே பாறை வரும். அங்கு முதலில் ஓரிரு குழி எடுத்துப் பார்ப்பது நல்லது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் 2015 வெள்ளத்தில் மூழ்கியது போன்ற தாழ்நிலங்களில் இதை வைக்கவேண்டாம்.

சிறு விவசாயிக்கு ஏற்றது வரப்பு நடவுதான். அந்த இயக்கத்தின் பரிந்துரையும் வரப்பில் ஏக்கருக்கு 50 கன்று என்பதே. சம்பாப் பருவத்தில் சூரியன் தெற்கே சாய்வதால் நிழல் வடக்கே விழும். ஆகவே வடக்கு வரப்பில் வைத்தால் தமது நெல்லுக்குக் கேடில்லை. நிழல் பக்கத்து வயலில் விழுமே என்றால், அந்த வயல்காரரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது உத்தமம். கன்று நட்டவுடன் எண்ணிக்கையைக் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில் பதிந்துகொள்ளவேண்டும். இருபது வருடம் கழித்து வெட்டும்போது அந்தப் பதிவு உதவும்.