அபினிப் பயிரும் மாற்றுப் பயிரும்

அபினியென்பது கசகசாச் செடியின் பசுங்காயைக் கீறுங்கால் வடியும் பாலேயாம். கடும் நோவைத் தணிக்கும் மார்பைன் என்னும் மருந்து அதனின்றே எடுக்கப்படுகிறது. மனிதரை அடிமைப்படுத்தும் ஹெராயினும் அம்மார்பைனிலிருந்தே செய்யப்படுகிறது. ஆகவே இப்பயிரை அடியோடு ஒழித்தலும் இயலாது. கட்டின்றி விடுதலும் தகாது.

இதுபற்றி ஆலோசிக்க 1909இல் ஷாங்காய் நகரில் 13 தேசங்களின் பிரதிநிதிகள் கூடினர். 1912இல் ஹேக் நகரில் முதல் உடன்படிக்கை ஏற்பட்டது. இக்காலத்தில் மூலாதாரமாயிருப்பது 1961ஆம் வருஷத்து உடன்படிக்கை. அதன்படி, கசகசாவினின்று அபினி எடுக்க இடங்கொடுக்கும் தேசம் நிலத்தைக் குறிப்பிட்டு, உழவருக்கு லைசென்சு வழங்கி, எடுத்த அபினி முழுவதையும் தானே வாங்கிக்கொள்ளல் வேண்டும். நம் நாட்டில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய இடங்களில் லைசென்சு பெற்றோரே இதைப் பயிரிடுகின்றனர். மருந்துக்கு வேண்டிய அளவை ஒவ்வொரு தேசமும் வருஷந்தோறும் கணித்து வியன்னாவிலுள்ள சர்வதேச வாரியத்திற்குத் தெரிவிக்கிறது.

காகிதத்தில் அளவு வகுத்தல் எளிது. தாய்லாந்தில் 1959 முதல் அபினி விலக்கப்பட்டிருந்தும், வடமலைகளில் மோங் முதலிய குடிகள் அதைப் பயிரிட்டே வந்தனர். பேராசை இதற்குக் காரணமன்று. அபினி எடையிற் சிறிது, கிரயத்திற் பெரிது; மாதக்கணக்கில் வைத்தாலும் அழுகாது; வியாபாரி வாசலுக்கே வந்து வாங்குவான்; வேண்டின் முன்பணமும் கொடுப்பான். கோசு மூட்டையைச் சுமந்து மலையிறங்கினாலோ பாதி வழியிலேயே வாடிப்போம். சங்க அங்கத்தினர் ஊன்றிக் கவனிக்கத்தக்கது இதுவே.

1969இல் மன்னர் பூமிபால் அம்மலைகளில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். உள்ளூர்ப் பீச்சுப் பழம் அபினிக்கு நிகராக வருமானந் தருவதை ஒரு கிராமத்தில் விசாரித்தறிந்ததே அதற்குத் தூண்டுதல் என்பர். குளிர்நாட்டுப் பழமரங்களைக் கொணர்வதில் தைவான் உதவிற்று. ஐக்கிய நாடுகள் சபையும் துணைநின்றது. விதை கொடுத்ததோடு நில்லாமல் பாதை அமைத்தனர். விளைந்ததை வாங்கிப் பதப்படுத்த 1972இல் ஃபாங் என்னுமிடத்தில் தொழிற்சாலை நிறுவினர். 1988இல் தொடங்கிய டோய் துங் மலைத் திட்டத்தில் காப்பியும் மக்கடாமியாக் கொட்டையும் பயிராயின. கவனிக்க: கசகசாக் கொல்லைகளைச் சர்க்கார் முனைந்து அழிக்கத் தலைப்பட்டது 1980களின் நடுவில்தான், அதாவது, மாற்று வருமானத்துக்கு வழி தேடத் தொடங்கிச் சற்றேறக்குறையப் பதினைந்து வருஷங்கள் கழிந்த பின்னர்.

ஆப்கானிஸ்தானத்தில் முறை வேறு. 2022 ஏப்ரலில் தாலிபான் ஆட்சியார் கசகசாவை விலக்கினர். 2,33,000 ஹெக்டேராயிருந்த பயிர் 2023இல் 10,800 ஹெக்டேராகச் சுருங்கிற்று. அத்துணை விரைவில் வேறெங்கும் குறைந்ததில்லை என்னலாம். ஆயினும் அங்கே பாதையுமில்லை, பழத்தொழிற்சாலையுமில்லை. கசகசாவுக்குப் பதிலாகப் பலர் விதைத்த கோதுமை அதன் வருமானத்தில் சிறு பங்கையே தந்தது. அதே 2023இல் மியான்மர் உலகில் அபினி விளைவிப்பதில் முதலிடம் பெற்றது. 2024 மே மாதத்தில் படக்ஷான் மாகாணத்தில் பயிரை அழிக்க வந்தோரை உழவர்கள் எதிர்த்து நின்றனர், உயிர்ச்சேதமும் நேர்ந்தது.