அடி இறக்கமும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயும்

பல பிரசவங்களைக் கண்டு, தலைச்சுமையும் வயல்வேலையுமாக வாழ்ந்து முதுமையை எய்திய ஸ்திரீகளில் சிலருக்குக் கர்ப்பப்பை தன் ஸ்தானத்தைவிட்டு நழுவி வெளியே வந்து நிற்பதும் ('அடி இறக்கம்' என்பது இதுவே), அதைப் பெற்ற மகளிடம்கூடச் சொல்லக் கூசி, துணியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்கள் வருஷக்கணக்கில் காலத்தைத் தள்ளிவிடுவதும் நம் கிராமங்களில் உள்ள வழக்கமே. அவ்வாறு இறங்கிய கர்ப்பப்பையின் வாயில் புற்றுநோயும் சேர்ந்து காண்பது அபூர்வம். ஆயினும் கைக்கெட்டும் இடத்தில், கண்ணுக்குத் தெரியும்படியே இருக்கும் அந்த நோய் முற்றும்வரை கவனிப்பாரற்றுப் போவது எத்தனை பரிதாபம்!

புண்ணின் சுபாவம்

வெளியே நிற்கும் பாகம் துணியில் உரசி, ஈரம் வற்றி, தோல் தடித்து, ரத்த ஓட்டம் குன்றி நாளடைவில் புண்ணாகிறது. கர்ப்பப்பையை உள்ளே தள்ளி, கிளிசரினிலும் அக்ரிஃபிளேவினிலும் தோய்த்த மஞ்சள் நிறத் துணிநாடாவை வைத்து அடைத்துவந்தால் சாதாரண உராய்வுப் புண் சில வாரங்களில் ஆறிவிடும். அப்படியும் ஆறாமல், விளிம்பு கெட்டிப்பட்டு, தொட்ட மாத்திரத்தில் ரத்தம் கசிந்து, துர்நாற்றத்தோடு நீர் வடியும் புண்ணாயின், ஒரு துணுக்குச் சதையை எடுத்து நுண்ணோக்கியில் பரிசோதித்தே தீரவேண்டும். பார்த்தவுடனேயே சந்தேகம் எழுமானால் ஆறுகிறதா என்று காத்திருப்பதும் தகாது. இறக்கத்துக்கென்று கர்ப்பப்பையை எடுத்துவிட்ட பிறகு அதில் புற்றுநோய் இருந்ததாக அறிக்கை வந்தால், முதலிலேயே திட்டமிட்டுச் செய்திருக்கவேண்டிய சிகிச்சை பின்னர் பெருஞ்சிக்கலாகிவிடும். ஆகையால் ஆபரேஷனுக்கு முன்பே கர்ப்பப்பை வாயைச் சோதிப்பது அவசியமென்பது என் திடமான அபிப்பிராயம்.

சிறுநீரகம் காட்டும் பொய்ச் சாட்சி

கர்ப்பப்பை முழுவதும் இறங்கும்போது சிறுநீர்ப்பையும் சிறுநீர்க் குழாய்களும் உடன் இழுபட்டு மடங்குவதால் சிறுநீரகம் வீங்குவதுண்டு. புற்றுநோய் பரவிச் சிறுநீர்க் குழாயை நெரித்தாலும் அதே வீக்கம் உண்டாகும்; அதைக் கண்டால் நோய் மூன்றாம் கட்டத்தை எட்டிவிட்டதாகக் கணிப்பதே முறை. வீக்கம் இறக்கத்தால் வந்ததா, நோயால் வந்ததா என்பதைக் கர்ப்பப்பையை உள்ளே ஏற்றி நிறுத்தியபின் ஸ்கேன் எடுத்து ஆராயாமல், ஆரம்பக் கட்டத்து நோயாளியை முற்றியவராக முடிவுகட்டலாகாது.

கத்தியும் கரண்டும்

நோய் ஆரம்ப நிலையில் இருந்து, சரீரமும் தாங்குமானால், கர்ப்பப்பையைச் சுற்றியுள்ள திசுக்களோடும் நிணநீர்க் கணுக்களோடும் அகற்றும் விரிவான ஆபரேஷன் இரு வியாதிகளையும் ஒருங்கே தீர்க்கிறது. வியன்னா நகரத்து மருத்துவர் ஷவுட்டா 1901-இல் யோனி மார்க்கமாகவே கர்ப்பப்பையைச் சுற்றியுள்ள திசுக்களோடு அகற்றிக்காட்டினார்; இறங்கிய கர்ப்பப்பைக்கு அவ்வழி இயல்பாகவே பொருந்துமெனினும், சிறுநீர்க் குழாயும் கீழிறங்கியிருப்பதால் கைதேர்ந்தவர் அதைச் செய்யவேண்டும்.

முற்றிய நோய்க்குக் கதிர்வீச்சும், உடன் வாரந்தோறும் சிஸ்பிளாட்டின் மருந்தும் அளிக்கப்படுகின்றன. 'கரண்ட் வைப்பது' என்று நம் மக்கள் சொல்லும் அந்தக் கதிர்வீச்சு ஏறத்தாழ ஐந்து வாரம், தினந்தோறும் ஒரே இடத்தில் விழவேண்டியது. கர்ப்பப்பையோ படுத்தால் உள்ளே, இருமினால் வெளியே என்று இடம் மாறிக்கொண்டிருப்பது. எனவே யோனியினுள் பொருத்தும் பெஸரி வளையத்தாலோ துணிநாடா அடைப்பாலோ அதை உள்ளே நிலைநிறுத்தி, ஒவ்வொரு நாளும் படமெடுத்துச் சரிபார்த்த பிறகே கதிரைச் செலுத்தவேண்டும். இல்லையேல் கதிர் நோயை விட்டுவிட்டுக் குடலைச் சுடும். பின்னர் உட்கதிர்வீச்சுக்காகக் கர்ப்பப்பையினுள் வைக்கும் குழாயும் தளர்ந்த யோனியில் நழுவுமாகையால் அதையும் பக்குவமாக அடைத்து நிறுத்தவேண்டியிருக்கிறது. இவை யாவும் எட்டு வாரங்களுக்குள் முடிவது உத்தமம். கதிர்பட்ட சதை எளிதில் ஆறாது. சிறுநீர்ப்பையிலிருந்தோ மலக்குடலிலிருந்தோ யோனிக்குத் துவாரம் விழும் அபாயமும் உண்டு என்பதால், இறக்கத்தைச் சீராக்கும் ஆபரேஷனைப் பிற்பாடு செய்யலாமா என்பதையும் மருத்துவக் குழு முன்கூட்டியே ஆலோசித்துவிடவேண்டும்.

வீட்டாருக்கு ஒரு விண்ணப்பம்

திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்து 2007-இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வில், வினிகரின் சத்தான அசிட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவிப் பார்க்கும் எளிய சோதனை இப்புற்றுநோய் மரணங்களைக் கணிசமாகக் குறைத்தது ருசுவாயிற்று. ஆனால் அதில் சோதிக்கப்பட்டவர்கள் 30 முதல் 59 வயதுவரையுள்ளவர்கள். அடி இறங்கி அவதிப்படும் மூதாட்டியரில் பலர் அந்த வயதைக் கடந்தவர்கள். அவர்களாக வாய்திறந்து சொல்லமாட்டார்கள். ஆகவே மகளும் மருமகளும் பக்குவமாகக் கேட்டறிந்து, மாதவிடாய் நின்றபின் ஒரு துளி ரத்தம் பட்டாலும், இறங்கிய பாகத்தில் புண் தென்பட்டாலும், காலந்தாழ்த்தாமல் அவர்களை அரசு மருத்துவமனையின் மகளிர் பிரிவுக்கு அழைத்துச் செல்லவேண்டும்.