இருட்குகையில் ஒரு கடிகாரம்

திருத்தணி மலையின் 365 படிகளும் ஆண்டின் தினங்களைக் குறிக்கும் என்பது ஐதீகம். ஆண்டைக் கல்லில் கணக்கிடலாம். ஆயின் சூரியன் எட்டாத குகையில் தொங்கும் வௌவால், வெளியே அந்தி சாய்ந்ததை எங்ஙனம் அறிகிறது?

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எம். கே. சந்திரசேகரனும் அவருடைய சகாக்களும் இவ்வினாவைக் குகையிலேயே சோதித்தனர். நித்திய இருள் நிலவும் மதுரைப் பக்கத்துக் குகையொன்றில் இலைமூக்கு வௌவாலைக் கூண்டிலிட்டு, அதன் அசைவுகளைப் பதிவு செய்தபோது, சுற்றிலும் சுயேச்சையாக வாழ்ந்த அதன் இனத்தார் மாலைதோறும் இரைதேடிப் புறப்படும் வேளையை ஒட்டியே கூண்டிலிருந்ததும் சிறகடிக்கத் தொடங்கியது. துணையற்று வைத்தபோதோ, அதன் நாள் 24 மணியினின்று சிறுகச் சிறுக விலகிச் சென்றது. இதனினும் எளிய, அழகிய சோதனையை நான் அறியேன்.

ஆகவே கடிகாரம் தேகத்தினுள்ளேயே இருக்கிறது. பாலூட்டிகளில் அதன் பிரதான ஸ்தானம், மூளையின் அடியில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலேயுள்ள இணை நரம்பணுத்திரள். சாதாரணமாக அதைத் தினந்தோறும் திருத்துவது கண்வழிப் புகும் ஒளி. குகையிலோ அப்பணியைச் சுற்றத்தாரின் சஞ்சாரமே செய்தது. அம்முடிவு 1981-ல் வெளியாயிற்று. சந்திரசேகரன் பின்னர் பெங்களூரிலும் உயிர்க்கடிகார ஆய்வை வளர்த்து, 2009-ல் காலமானார்.