பண்ணையாளர்கள் காக்கும் பிளாக்ஃபுட் ஆறு

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஏறத்தாழ 210 கிலோமீட்டர் ஓடி கிளார்க் ஃபோர்க் ஆற்றில் கலக்கும் பிளாக்ஃபுட் ஆறு, நார்மன் மெக்லீன் 1976இல் வெளியிட்ட 'எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்' என்ற நூலால் புகழ்பெற்றது. ஆனால் 1992இல் வெளியான அதன் திரைவடிவத்தின் மீன்பிடிக் காட்சிகளில் பெரும்பாலானவை வேறு ஆறுகளில்தான் படமாக்கப்பட்டன. பிளாக்ஃபுட் அப்போது நலிந்திருந்தது: 1975இல் மைக் ஹார்ஸ் சுரங்கத்தின் கழிவுத் தேக்க அணை உடைந்து ஆற்றின் தலைப்பகுதியில் உலோக நச்சு பரவியிருந்ததோடு, மரவெட்டும் மேய்ச்சலும் பாசனமும் மீன்வளத்தைப் பல்லாண்டுகளாகக் குறைத்து வந்திருந்தன.

இவ்வாற்றின் மண்ணுக்குரிய ட்ரவுட் இனங்களில் ஒன்றான புல் ட்ரவுட், 1998இல் மத்திய அரசின் அழிவாபத்துப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மிகக் குளிர்ந்த நீரை நாடும் இம்மீன், இலையுதிர்காலத்தில் கிளையோடைகளுக்கு ஏறிச்சென்று கூழாங்கற்களைக் கிளறிக் குழியாக்கி முட்டையிடுகிறது. முட்டைகள் குளிர்காலம் முழுவதும் அக்கற்களின் இடுக்கிலேயே கிடப்பதால், மாடுகள் மிதித்துச் சரிந்த கரையிலிருந்து வரும் வண்டல் அந்த இடுக்குகளை அடைத்துவிட்டால், பிராணவாயு கிடைக்காமல் மடிந்துபோகின்றன. தப்பிப் பிறக்கும் குஞ்சுகளில் பல, பாசன வாய்க்காலின் இழுப்பில் சிக்கி வயலில் போய்ச் சாகின்றன. ஆகவே ஆற்றைக் காப்பதென்பது, மழையும் பனியுருகலும் வடிந்து அதில் சேரும் நிலப்பரப்பு முழுவதையும், அதாவது சுமார் 15 லட்சம் ஏக்கர் நீர்ப்பிடிப்புப் பகுதியையும், காப்பதாகிறது. அதில் கணிசமான பங்கு தனியார் நிலம் என்பதால், உடைமையாளர் இசையாமல் அரசாணையால் மட்டும் இது நடக்கக்கூடிய காரியமன்று.

பண்ணையாளர்களும் அரசுத் துறைகளும் பாதுகாப்பு அமைப்புகளும் சேர்ந்து 1993இல் தொடங்கிய பிளாக்ஃபுட் சாலஞ்ச் என்ற அமைப்பு, கருத்தொற்றுமை உள்ள எண்பது விழுக்காட்டை முதலில் கையிலெடுத்து, சச்சரவுக்குரிய இருபதைப் பிறகு பார்த்துக்கொள்வது என்ற வழக்கத்தைக் கைக்கொண்டது. சர்ச்சையைத் தள்ளிப்போடும் உத்தியாக இது தோன்றினாலும், ஓடைக்கரையில் வேலியிடுதல், மாடுகளுக்குக் கரைக்கு அப்பால் தண்ணீர்த் தொட்டி அமைத்தல், வாய்க்கால் தலைப்பில் மீன் புகாத சல்லடை பொருத்துதல் போன்ற பணிகள் நடந்தது இவ்வழக்கத்தால் வளர்ந்த நம்பிக்கையில்தான்.

இவ்வமைப்பின் வறட்சித் திட்டமே அந்த நம்பிக்கைக்குக் கடினமான சோதனை. மொன்டானாவின் நீருரிமைச் சட்டம் முதலில் நீரெடுத்தவருக்கே முன்னுரிமை தருவதால், பஞ்சகாலத்தில் பிந்திய உரிமையாளரின் மதகை மூடச் சொல்லிவிட்டு மூத்தவர் முழுப்பங்கையும் எடுக்கலாம். மாறாக, நீரோட்டம் விநாடிக்கு 700 கன அடிக்குக் கீழே சரியும்போது மூத்தவர், இளையவர் என்றில்லாமல் பாசனதாரர்கள் தாமாகவே இறைப்பைக் குறைக்க, தூண்டில்காரர்களும் மீன்பிடிப்பைக் கட்டுப்படுத்திக்கொள்ள இத்திட்டம் வழிசெய்கிறது.

ஆயினும் மைக் ஹார்ஸ் கழிவை அகற்றுவது அயலாரின் இணக்கத்துக்கு அப்பாற்பட்ட வேலையாகவே இருந்தது. அதற்குச் சுரங்க நிறுவனங்களிடமிருந்து சட்டத் தீர்வின்வழி பெற்ற பணமும் அரசின் இயந்திரங்களும் தேவைப்பட்டன.